ஓட்டுவது காற்று, நிறுத்துவது சுருள்வில்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரத்தில் தொடங்கி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கடலோரமாக நீண்டு கிடக்கும் பகுதி, நெசவும் இயந்திரமும் அடுத்தடுத்து வாழ்ந்த பூமியாகும். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய ஊரே திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை. காலெட்பேட்டை என்ற பெயரே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறி, எண்ணூரில் லாரிகளையும் பஸ்களையும் உற்பத்தி செய்யும் பெருநிறுவனமாக வளர்ந்தது. அதே 1955-இல் நிறுவப்பெற்ற என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களைச் செய்தது.

பெரிய ஆலை ஒன்று எழுந்தால் அதனைச் சுற்றிச் சிறு பட்டறைகள் பல தோன்றுவது இயற்கை. தகட்டை வெட்டி வாஷர் செய்வதும், வளைத்துத் தாங்கிகள் செய்வதும், துளையிடுவதும் இப்பட்டறைகளின் வேலை. அவ்வேலையைச் செய்யும் இயந்திரம் பவர் பிரஸ். நெசவாளர் குடும்பத்திலும் உழவர் குடும்பத்திலும் பிறந்த இளைஞர்கள் தறியையும் ஏரையும் விட்டு இத்தகைய இயந்திரங்களின் முன் அமர்வதை நாம் எங்கும் காண்கிறோம். நம் சங்கங்களும் பலவகை இயந்திரங்களை வாங்குகின்றன. அவற்றிற்காகக் கடன் பெறுகின்றன.

இயந்திரம் வாங்கும்போது நிர்வாகக் குழுவினர் கேட்கும் முதற் கேள்வி, “மணிக்கு எவ்வளவு உற்பத்தியாகும்?” என்பதாகும். இரண்டாவது கேள்வி விலையைப் பற்றியது. “நிறுத்து என்றால் எவ்வளவு நேரத்தில் நிற்கும்?” என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் தொழிலாளியின் விரலும், பாவின் தரமும், சங்கத்தின் பணமும் அந்த மூன்றாவது கேள்வியைச் சார்ந்தே இருக்கின்றன. காற்றழுத்தத்தால் இயங்கும் உராய்வுக் கிளட்சும் பிரேக்கும் எவ்வாறு அமைக்கப்படுகின்றன என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொண்டால், அந்தக் கேள்வியைத் தயக்கமின்றிக் கேட்க இயலும். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறியில் உள்ள பிரேக்

உராய்வைக் கொண்டு ஓட்டத்தை அடக்குவது நமக்குப் புதிதன்று. பாவு சுற்றிய உருளையின் ஓரத்தில் கயிற்றைச் சுற்றி, அதன் நுனியில் எடையைத் தொங்கவிடும் வழக்கத்தை நெசவாளர் அறிவர். துணி நெய்யப்பட்டு முன்னே சுருளும்போது, கயிறு உருளையைப் பிடித்துக்கொண்டு பாவைத் தளரவிடாமல் காக்கிறது. எடையைக் கூட்டினால் பிடி இறுகுகிறது. கயிற்றில் எண்ணெய் பட்டுவிட்டாலோ, அதே எடை இருந்தும் உருளை வழுக்குகிறது. பள்ளத்தில் இறங்கும் வண்டியின் சக்கரத்தில் கட்டையை அழுத்தி வேகத்தைத் தணிக்கும் உழவரும் இதே விதியையே கையாளுகிறார்.

இவ்விரு எடுத்துக்காட்டுகளிலும் அடங்கியுள்ள உண்மைகள் மூன்று. எவ்வளவு வலிவாக அழுத்துகிறோம் என்பது ஒன்று. தொட்டுக்கொள்ளும் பரப்புகள் எவ்வளவு பற்றுடையன என்பது இரண்டு. சுழலும் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம் என்பது மூன்று. மிகப் பெரிய இயந்திரத்தின் பிரேக்கும் இம்மூன்றையே பெருக்கிக் கணக்கிட்டு அமைக்கப்படுகிறது.

தறியின் கயிற்றுப் பிரேக்கில் மற்றொரு சிறப்பும் உண்டு. அதனைப் பிடிக்கச் செய்வது பூமியின் ஈர்ப்பு. மின்சாரம் நின்றாலும், நெசவாளர் எழுந்து போனாலும், எடை தொங்கிக்கொண்டேயிருக்கும், பிடி விடாது. இதனை நினைவிற் கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பின்னால் கூறப்போவது யாவும் இதன் விரிவேயாகும்.

கிளட்ச் எதற்கு?

பிரேக் நிறுத்துகிறது, கிளட்ச் இணைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்தாமலே இயந்திரத்தை ஓடவும் நிற்கவும் செய்வது கிளட்சின் பணி. பழைய ஆலைகளில் கூரையை ஒட்டி ஒரே நீண்ட தண்டு சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு இயந்திரத்திற்கும் அதிலிருந்து ஒரு தோல் பெல்ட் இறங்கும். இயந்திரத்தின் தண்டோடு பிணைந்த கப்பி ஒன்றும், அதன் அருகில் சும்மா சுழலும் கப்பி ஒன்றும் இருக்கும். பெல்ட்டை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தள்ளுவதே ஓட்டுவதும் நிறுத்துவதும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பெல்ட்டை இவ்வாறு தள்ளுவதற்குத் தக்க சாதனம் வேண்டுமென்றும், அபாயக் காலத்தில் விசையைத் துண்டிக்க ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் ஏற்பாடு வேண்டுமென்றும் விதித்தது.

பவர் பிரஸ்ஸில் தேவை இன்னும் கடுமையானது. அதில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் இடைவிடாது சுழன்று சக்தியைச் சேமித்து வைக்கிறது. மேலேயுள்ள அச்சு ஒருமுறை இறங்கித் தகட்டை வெட்டும் கணத்தில் அச்சக்தி முழுவதும் அங்கே செலவாகிறது. ஒவ்வொரு வெட்டிற்கும் பிளைவீலைத் தண்டோடு இணைக்க வேண்டும். வெட்டு முடிந்து அச்சு மேலேறியதும் பிரிக்க வேண்டும்.

சிறு பட்டறைகளில் பழங்காலமாக வழங்கி வருவது சாவி வகைக் கிளட்ச். காலால் மிதியை அழுத்தியதும், சாவி போன்ற ஓர் எஃகுத் துண்டு பிளைவீலின் பள்ளத்தில் விழுந்து தண்டை அதனோடு பூட்டிவிடுகிறது. விலை குறைவு, அமைப்பு எளிது. ஆனால் பூட்டிய பின் ஒரு முழுச் சுற்று முடியும் வரை அதனை விடுவிக்க இயலாது. அச்சு இறங்கத் தொடங்கிவிட்டது, தகடு கோணலாயிருக்கிறது, தொழிலாளி அதைச் சரிசெய்யக் கை நீட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அருகிலிருப்பவர் கூவினாலும், மின்சாரத்தை நிறுத்தினாலும் பயனில்லை. பிளைவீலில் சேர்ந்த சக்தி அச்சை அடிவரையில் கொண்டு சென்றே தீரும். வாகன உதிரிபாகத் தொழிலில் நாடெங்கும் விரல்கள் பறிபோவதற்குப் பவர் பிரஸ் பெருங்காரணமாயிருப்பதில் வியப்பில்லை.

உராய்வுக் கிளட்சோ எந்த இடத்திலும் விடக்கூடியது. பாதி வழியில் அச்சு இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளட்சை விட்டு, பிரேக்கைப் பிடித்து, அதனை அந்தரத்தில் நிறுத்தலாம். இவ்வேற்றுமையே ஒரு கைக்கும் கையின்மைக்கும் உள்ள வேற்றுமையாகிவிடுகிறது.

காற்றின் வலிமை

கிளட்சை அழுத்துவதற்குக் காலின் பலம் போதாது. நெம்புகோல் வைத்தாலும் விரைவு கிடையாது. அழுத்திய காற்று இவ்விரு குறைகளையும் நீக்குகிறது. மெல்லிய குழாயில் வந்து சிலிண்டரில் புகுந்து, பிஸ்டனின் பரப்பு முழுவதையும் ஒரே சீராகத் தள்ளுகிறது. ரயில்களில் நெடுங்காலம் வழங்கிய வெற்றிடப் பிரேக்கிற்கு ஓர் எல்லை உண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தமாகிய சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ என்பதற்கு மேல் அதனால் பெற முடியாது. கம்ப்ரஸரால் அழுத்திய காற்றோ 5, 6 கிலோ அழுத்தத்தை எளிதில் தரும். ஆகவே சிறிய சிலிண்டரே பெரிய வேலையைச் செய்கிறது. இந்திய ரயில்வேயும் வெற்றிடப் பிரேக்கிலிருந்து காற்றுப் பிரேக்கிற்கு மாறியமைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பவர் பிரஸ்ஸில் பெரும்பாலும் காணப்படும் அமைப்பு பின்வருமாறு. பிளைவீல் தண்டின்மேல் தாராளமாகச் சுழல்கிறது. தண்டோடு பிணைந்த தட்டின் இரு பக்கமும் உராய்வு முகங்கள் உள்ளன. சிலிண்டரில் காற்று புகுந்ததும் பிஸ்டன் அசைந்து பிளைவீலின் பக்கத்தை இறுக்குகிறது, தண்டு சுழல்கிறது. அதே அசைவினால் பிரேக்கின் பக்கம் விடுபடுகிறது. காற்று வெளியேறியதும், பட்டறையில் ஸ்பிரிங் என்று வழங்கும் சுருள்வில்கள் பிஸ்டனைத் திருப்பித் தள்ளிக் கிளட்சை விடுவித்துப் பிரேக்கைப் பிடிக்கின்றன. ஒரே பிஸ்டன் இரு வேலைகளையும் செய்வதால், கிளட்சும் பிரேக்கும் ஒரே சமயத்தில் பிடித்து ஒன்றையொன்று எரித்துக்கொள்ள வழியில்லை.

இதற்கு ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பிஸ்டனின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். காற்றழுத்தம் 5 கிலோ என்றால், தள்ளும் விசை 1,570 கிலோ. சுருள்வில்களை அமுக்க அதில் 370 கிலோ செலவாகிறது என்று கொள்வோம். மிச்சம் 1,200 கிலோ கிளட்சை இறுக்குகிறது. உராய்வின் அளவு 0.3, உராயும் முகங்கள் இரண்டு, மையத்திலிருந்து சராசரித் தூரம் 15 சென்டிமீட்டர். இவற்றைப் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் திருகுவிசை 108 கிலோகிராம்-மீட்டர் ஆகிறது.

இனி, காற்றழுத்தம் 5-லிருந்து 4-ஆகக் குறைந்தால் என்னவாகும்? தள்ளும் விசை 1,256 கிலோ. சுருள்வில்கள் கேட்கும் 370 கிலோவோ குறையாது. மிச்சம் 886 கிலோவே. காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. கிளட்சின் பலமோ நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் லைனிங் கருகும். குறிப்பிட்ட அழுத்தத்திற்குக் கீழே இறங்கினால் இயந்திரம் தானே நின்றுவிடும்படி ஒரு சுவிட்சை வைப்பது இதனாலேயே.

காற்று போனால் என் செய்வது?

இப்பொழுது மேற்கூறிய கணக்கைப் பிரேக்கின் பக்கமிருந்து நோக்குவோம். பிரேக்கை அழுத்துவது காற்றன்று. 370 கிலோ விசையுடைய சுருள்வில்கள். குழாய் வெடித்தாலும், கம்ப்ரஸர் நின்றாலும், மின்சாரம் போனாலும் அவ்விசை மாறாது. தறியில் தொங்கும் எடையைப் போல அது எப்போதும் காத்து நிற்கிறது. இயந்திரத்தை ஓட்டுவதற்குத்தான் காற்று வேண்டும், நிறுத்துவதற்கு வேண்டியதில்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளும், பிரஸ்ஸின் பிரேக்கானது தானே பிடிப்பதாகவும், அதனை விடுவிப்பதற்கே வெளிச்சக்தி தேவைப்படுவதாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறுகின்றன.

இந்த ஞானம் உலகிற்கு எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்குக் காற்றுப் பிரேக் அமைத்தபோது, எஞ்சினிலிருந்து காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும் என்பதே ஏற்பாடு. குழாய் பிய்ந்துவிட்டால் பிரேக்கும் போயிற்று. 1872-இல் அவர் அதனைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று நிறைந்திருக்கும் வரையில் பிரேக் விடுபட்டிருக்கும். காற்று குறைந்தால் ஒவ்வொரு வண்டியிலும் தானே பிடிக்கும். ஆனால் எல்லா ரயில்களும் இத்தகைய ஏற்பாட்டை உடனே மேற்கொள்ளவில்லை. 1889 ஜூன் 12-ஆம் தேதி அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்கருகில், மேட்டில் ஏற முடியாத ஓர் உல்லாசப் பயண ரயிலை இரண்டாகப் பிரித்தனர். அதன் வெற்றிடப் பிரேக் தானே பிடிக்கும் வகையைச் சேர்ந்ததன்று. எஞ்சினிலிருந்து பிரிந்த பின்பகுதி பிரேக்கை இழந்து, மேட்டில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதியது. சுமார் 80 பேர் மாண்டனர்; சிறுவர் சிறுமியர் பலர். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் பார்லிமெண்டு, பிரயாணிகள் ரயில்களில் தானே பிடிக்கும் பிரேக் கட்டாயம் என்று சட்டம் இயற்றியது.

நம் உழவர்களின் நெல்லையும் காய்கறியையும் ஏற்றிச் செல்லும் லாரிகளிலும் இப்பாடத்தைக் காணலாம். 1962-இல் சென்னை பாடியில் தொடங்கப்பெற்ற சுந்தரம் கிளேட்டன், பிரிட்டனின் கிளேட்டன் டெவாண்டர் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் வாகனக் காற்றுப் பிரேக்குகளை இங்கேயே செய்யலாயிற்று. இந்திய லாரிகளிலும் பஸ்களிலும் முழுக் காற்றுப் பிரேக்கை முதலில் புகுத்திய பெருமை எண்ணூரின் அசோக் லேலண்டுக்கு உரியது. லாரியில் ஓட்டுநர் மிதிக்கும் பிரேக் காற்றால் பிடிக்கிறது. ஆகவே ஒரு வழி பழுதானாலும் மற்றொன்று காக்கும்படி காற்றை இரு தனி வழிகளில் கொண்டு செல்கின்றனர். நிறுத்தி வைப்பதற்கும் அபாயத்திற்கும் உரிய பிரேக்கைச் சுருள்வில்லிடம் ஒப்படைக்கின்றனர். காலையில் எஞ்சினைக் கிளப்பியதும், காற்று சேரும் வரையில் சக்கரங்கள் பிடிபட்டு நிற்பது இதனாலேதான். அவசரப்படும் வியாபாரிக்கு அது தாமதமாகத் தோன்றலாம். உண்மையில் அது காவல்.

காற்று வெளியேறாவிட்டால்?

சுருள்வில் இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று எண்ணிவிடலாகாது. சுருள்வில் வேலை செய்யவேண்டுமானால் சிலிண்டரிலுள்ள காற்று முதலில் வெளியேற வேண்டும். அதற்குக் கதவாக இருப்பது வால்வு. பொத்தானை விட்டதும் வால்வு திரும்பிக் காற்றை வெளியே விடுகிறது. அந்த வால்வு துருவாலோ, பிசினாலோ, தூசியாலோ திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால், காற்று சிலிண்டருக்குள் சிறைப்பட்டு நிற்கும். கிளட்ச் பிடித்த பிடியிலேயே இருக்கும். அச்சு மீண்டும் மீண்டும் இறங்கும். காற்று வராவிட்டால் உற்பத்திதான் நிற்கும். காற்று போகாவிட்டால் கை போய்விடும். காற்றால் இயங்கும் கிளட்சின் அமைப்பில் உள்ள மிகப் பெரிய அபாயம் இதுவே.

இதற்குக் கண்ட மருந்து இரட்டை வால்வு. ஒரே கூட்டில் இரண்டு வால்வுகளை அமைத்து, இரண்டும் ஒத்து இயங்கினால்தான் காற்று சிலிண்டருக்குள் செல்லும்; இரண்டில் ஒன்று திரும்பினாலும் காற்று வெளியேறிவிடும் என்று ஏற்பாடு செய்கின்றனர். ஒன்று மாட்டிக்கொண்டதை இயந்திரமே கண்டறிந்து, அடுத்த அடியை மறுத்துவிடும். சங்கத்தின் காசோலையில் இருவர் கையொப்பம் வேண்டுமென்று நாம் வைத்திருக்கும் விதியின் கருத்தும் இதுவன்றோ? ஒருவர் தவறினாலும் பணம் வெளியேறாது. ஒற்றை வால்வுடன் வரும் பிரஸ் சில ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைக்கலாம். ஒற்றைக் கையொப்பத்தில் சங்கப் பணத்தை விட நாம் சம்மதிப்பதில்லை. தொழிலாளியின் கைக்கு மட்டும் அவ்வாறு சம்மதிப்பது முறையாகுமா?

சூடும் நேரமும்

பிரேக் பிடிக்கும்போது ஓட்டத்தின் சக்தி அழிந்துவிடுவதில்லை. அது சூடாக மாறுகிறது. வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். நிமிஷத்திற்கு எத்தனை முறை நிறுத்துகிறோமோ அத்தனை மடங்கு சூடு சேர்ந்துகொண்டே போகும். ஆகவே அமைப்பாளர் கிளட்சின் பலத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது சூட்டை வெளியேற்றும் திறனையும் பார்க்கவேண்டும். பிளைவீலின் கனத்தைப் பிரேக் சுமக்கலாகாது. கிளட்ச் விட்டதும் பிளைவீல் தன் போக்கில் சுழல, தண்டையும் அச்சையும் மட்டுமே பிரேக் நிறுத்துமாறு அமைப்பதும், அவற்றோடு சுழலும் பாகங்களை இலேசாகச் செய்வதும் நல்ல அமைப்பின் இலட்சணங்கள்.

நிற்கும் நேரம் நீண்டால் என்ன நேரும் என்பதை அளந்தே காணலாம். அமெரிக்க விதிகள் மனிதக் கை பாயும் வேகத்தை வினாடிக்கு 63 அங்குலம், அதாவது சுமார் 1.6 மீட்டர் என்று கொள்கின்றன. அச்சு 0.3 வினாடியில் நிற்குமானால், பொத்தான்களோ காவற்கதிரோ அச்சிலிருந்து குறைந்தது 48 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். லைனிங் தேய்ந்து அந்நேரம் 0.5 வினாடியானால் தேவைப்படும் தூரம் 80 சென்டிமீட்டர். பொத்தான் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் நேற்றுக் காவலாயிருந்த தூரம் இன்று காவலன்று. கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கும் இந்தப் பாதுகாப்பை அளவு ஒன்றே வெளிப்படுத்தும்.

நெசவுத் தொழிலிலும் இதே நியாயம் உண்டு. பாவு சுற்றும் விசை இயந்திரம் நிமிஷத்திற்கு 600 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். வினாடிக்கு 10 மீட்டர். ஓரிழை அறுந்ததும் உருளை அரை வினாடியில் சீராக நின்றால், இரண்டரை மீட்டர் நூல் சுற்றிவிடும். ஒரு வினாடியானால் 5 மீட்டர். அறுந்த நுனி அடுக்குகளுக்குள் புதைந்துவிட்டால் அதைத் தேடி எடுப்பது எத்தனை தொல்லை, கஞ்சி போடும்போதும் நெய்யும்போதும் அது எத்தனை இழைகளைக் கெடுக்கும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கஞ்சி போடும் இயந்திரத்திலும் பின்னால் வரிசையாக நிற்கும் பாவு உருளைகளைக் காற்றுப் பிரேக்குகளால் அளவாகப் பிடித்து, எல்லா இழைகளும் ஒரே இழுப்பில் வருமாறு செய்கின்றனர். பழைய கயிறும் எடையும் செய்த வேலையே அங்கே காற்றால் நடைபெறுகிறது.

கடற்காற்றும் கம்ப்ரஸர் தொட்டியும்

வடசென்னைக்கென ஒரு தொல்லை உண்டு, அது ஈரம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் கடற்கரைக் காற்றில் அதில் முக்காற்பங்கு நிறைந்திருப்பது சாதாரணம். அத்தகைய காற்றில் 7 கன மீட்டரை ஒரு கன மீட்டராக அழுத்திக் குளிரவிட்டால், தாங்கும் அளவுக்கு மேற்பட்ட சுமார் 130 கிராம் நீராவி தண்ணீராகிவிடுகிறது. நாள் முழுவதும் ஓடும் கம்ப்ரஸரின் தொட்டியில் குடம் கணக்கில் தண்ணீர் சேருவது இவ்வாறுதான். அதைத் திறந்துவிடாவிட்டால் குழாய் வழியாக வால்வுக்குச் செல்லும், துரு பிடிக்கும், வால்வு மாட்டும். அதன் விளைவை முன்னரே கண்டோம்.

கணக்குப் பார்க்கச் சென்ற ஒரு பட்டறையில், உற்பத்திப் பதிவேட்டை மிகச் சுத்தமாக எழுதி வைத்திருந்தனர். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை துண்டுகள் என்ற விவரம் அதில் இருந்தது. கம்ப்ரஸர் தொட்டியின் அடிக்குழாயைக் கடைசியாகத் திறந்தது எப்போது என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். திறக்கச் சொன்னோம். டீயின் நிறத்தில் தண்ணீர் வெகுநேரம் வடிந்தது. அந்தக் காற்றுதான் அங்கே பணிபுரிந்த இளைஞர்களின் விரல்களைக் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் அழுத்தவேண்டிய பொத்தான்களில் ஒன்றை, வேகம் வேண்டிக் கயிற்றால் கட்டி வைத்திருந்ததையும் அங்கே கண்டோம். அறிஞர்கள் எத்தனை நுட்பமாக அமைத்தாலும், ஒரு முழக் கயிறு அதனை வென்றுவிடுகிறது.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். வால்வுக்கும் சிலிண்டருக்கும் சிறிதளவு எண்ணெய் வேண்டும். அளவு மீறினால் அது புகைபோலப் பரவி லைனிங்கில் படியும். முன் கூறிய கணக்கில் உராய்வின் அளவு 0.3 என்பது 0.1 ஆகக் குறைந்தால், பிரேக்கின் பலம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். காற்று வெளியேறும் வாயில் சத்தத்தைக் குறைக்கப் பொருத்தியுள்ள அடைப்பில் தூசி சேர்ந்தாலும் காற்று மெதுவாகவே வெளியேறும், பிரேக் தாமதமாகும். லைனிங் தேய்ந்து இடைவெளி கூடினால், பிஸ்டன் நெடுந்தூரம் நகரவேண்டியிருப்பதால் காற்றும் அதிகம், நேரமும் அதிகம். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பதும் புற்றுநோயை விளைவிப்பதும் ஐயமற நிறுவப்பட்ட உண்மைகள். ஆகையால் பிரேக்கைத் திறந்து தூசியைக் காற்றால் ஊதும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். ஈரத் துணியால் துடைத்தலே நன்று.

சங்கங்கள் செய்யவேண்டியவை

இயந்திரம் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றும் முன் நிர்வாகக் குழுவினர் விற்பவரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுத்தில் பெறுதல் வேண்டும். கிளட்ச் பாதி வழியில் விடக்கூடியதா? பிரேக்கைப் பிடிப்பது சுருள்வில்லா, காற்றா? வால்வு ஒற்றையா, இரட்டையா? காற்றழுத்தம் குறைந்தால் இயந்திரம் தானே நிற்குமா? நிற்கும் நேரம் எவ்வளவு, அதை அளந்து காட்ட இயலுமா? ஐந்தாவது கேள்விக்கு விடை தர மறுப்பவரின் விலைப்பட்டியலைப் பரிசீலிக்கவே வேண்டியதில்லை. ஏற்கெனவே சாவி வகைப் பிரஸ் இருக்குமானால், கை நுழையவே முடியாதபடி அச்சைச் சுற்றித் தடுப்பு அமைப்பதும், தகட்டைக் கருவியால் தள்ளி வைப்பதும் உடனே செய்யத்தக்கவை.

வாங்கிய பின்னர், ரொக்கப் புத்தகத்தை நாள்தோறும் முடிப்பது போல ஒரு சிறு பதிவேட்டையும் நாள்தோறும் முடித்தல் வேண்டும். காலையில் தொட்டியின் நீரை வடித்த நேரம், காற்றழுத்தத்தின் அளவு, வேலை தொடங்கும் முன் வெறும் ஓட்டத்தில் நிறுத்திப் பார்த்ததன் விளைவு ஆகிய மூன்றையும் எழுதி, ஓட்டுபவர் கையொப்பமிட வேண்டும். மாதம் ஒருமுறை நிற்கும் நேரத்தைக் கருவியால் அளந்து குறிக்க வேண்டும். அந்த எண் மாதாமாதம் ஏறிக்கொண்டு வருமானால், விபத்து நேருமுன்பே அது நமக்கு எழுதிய கடிதம் என்று கொள்க.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில், 2020-இல் இயற்றப்பெற்ற தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்துள்ளது. சட்டங்களின் பெயர் மாறலாம். இயந்திரத்தின் இயல்பு மாறுவதில்லை. கூட்டுறவுப் பட்டறைக்கோ மற்றொரு பொறுப்பும் உண்டு. அங்கே முதலாளியும் தொழிலாளியும் பெரும்பாலும் ஒரே அங்கத்தினர் குடும்பத்தைச் சேர்ந்தோர். ஆண்டு இறுதியில் பங்கீவு பெறும் கையும், அச்சின் கீழே தகட்டை வைக்கும் கையும் ஒரே வீட்டுக் கைகள். வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் இயந்திரக் கணக்கு வாசிக்கப்படும்போது, எவ்வளவு உற்பத்தியாயிற்று என்று கேட்கும் அங்கத்தினர்கள், எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்பார்களாக.